சாயங்காலம் திரும்ப பஸ் உண்டா?

என் அப்பா பாபநாசம் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிப் பிழைத்தவர். மடக்கு மேஜை ஒன்று, மை புட்டி, கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் வைக்கிற தகர டப்பா, அவ்வளவுதான் கடை. பட்டா மாறுதல், வாய்க்கால் தகராறு, வாரிசுச் சான்று என்று வருஷம் முழுக்க நிலத்தைப் பற்றியே எழுதுவார். வைகாசி பிறந்ததும் வேறு கூட்டம் வரும். பையனைக் கூட்டிக்கொண்டு தகப்பனாரோ தாய்மாமனோ வந்து, நாலாக மடித்த கல்லூரி விண்ணப்பத்தை மேஜைமேல் வைப்பார்கள். விண்ணப்பம் இங்கிலீஷில் இருக்கும். பையனுக்கு எழுதத் தெரிந்தாலும் அடித்தல் திருத்தல் வந்துவிடுமோ என்ற பயத்தில் அப்பாவிடம் கொடுத்துவிடுவார்கள்.

இப்போது அதே வேலையை நான் ஜெராக்ஸ் மெஷினும் கம்ப்யூட்டரும் வைத்துச் செய்கிறேன். இந்தத் தாலுகாப் பிள்ளைகள் எந்தக் கல்லூரிக்கு எழுதிப் போட்டார்கள், ஏன் போட்டார்கள் என்பது எங்கள் வீட்டுக்கு இரண்டு தலைமுறையாகத் தெரிந்த விஷயம். அதற்கு முந்திய கதையைப் படித்தும் பெரியவர்களிடம் கேட்டும் சேர்த்துக்கொண்டேன். சேர்த்துப் பார்த்தபோது தெரிந்தது ஒன்றுதான். பாடத்தைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தவர்கள் இந்தப் பக்கம் மிகக் குறைவு. எங்கே சாப்பாடு, எந்த வண்டி, யார் பொறுப்பில் இருப்பது என்பது முதலில் முடிவாகும். பாடம் கடைசியில்தான்.

இதற்கு எங்கள் பக்கத்துப் பழைய சாட்சி உத்தமதானபுரம். பாபநாசத்தை ஒட்டிய சின்ன ஊர். உ.வே. சாமிநாதையருடைய ஊர். 1855இல் பிறந்தவர். அவர் வாலிபனாக இருந்தபோது கும்பகோணத்தில் இங்கிலீஷ் கல்லூரி வந்தாயிற்று. ஆனால் அவருக்குப் படிப்பு என்றால் தமிழ்தான், தமிழ் என்றால் ஒரு ஆசிரியர்தான். தகப்பனார் வேங்கடசுப்பையர் சங்கீதக்காரர். கதை சொல்லியும் பாடியும் கிடைத்த ஆதரவை நம்பி அரியலூர், குன்னம் என்று குடும்பத்தோடு ஊர் மாறினார். ஒவ்வொரு ஊரிலும் பையனுக்கு யாராவது ஒருவரிடம் பாடம். அந்த ஆசிரியர் தனக்குத் தெரிந்தது தீர்ந்ததும் அடுத்தவரைக் கைகாட்டுவார். இப்படிக் கைமாறி 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தார். பிள்ளையவர்கள் சைவ வேளாளர். பிராமணப் பையன் அவர் வீட்டில் சாப்பிட முடியாத காலம் அது. ஆகவே பாடத்தைப் பற்றிப் பேசுவதற்கு ஈடாக ஆகாரத்தைப் பற்றியும் பேசவேண்டியிருந்தது. பையன் வேறு இடத்தில் சாப்பிட்டுவிட்டுப் பாடம் கேட்க வரவேண்டும், செலவு தகப்பனார் பொறுப்பு. கையில் காசு இல்லாத தகப்பனார் அதை எப்படிச் சமாளித்தார் என்பதை ஐயரே தன் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். அதைப் படிக்கும்போதெல்லாம் என் கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விதான் ஞாபகம் வரும்: ஹாஸ்டல்ல மெஸ் எவ்வளவு?

கும்பகோணத்துக் கதை வேறு. 1854இல் மாகாணப் பள்ளியாகத் தொடங்கியது, 1867இல் கல்லூரியானது. டபிள்யூ.ஏ. போர்ட்டரும் டி. கோபால ராவும் அதை வளர்த்தவர்கள். தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று பெயர் வந்தது. 1870களின் கடைசியில் தஞ்சாவூரிலிருந்து மாயவரம் போகிற ரயில் பாதை வந்தபின், பாபநாசத்துப் பையன் காலையில் வண்டி ஏறினால் கல்லூரி மணி அடிப்பதற்குள் காவிரிக்கரைக்குப் போய்விடலாம். வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரி கும்பகோணத்தில் படித்துத்தான் உலகம் சுற்றும் பேச்சாளரானார். இங்கிலீஷ் கல்லூரியில் படிக்காத சாமிநாதையரே 1880இல் அங்கே தமிழாசிரியராகப் போனார். தியாகராச செட்டியார் ஓய்வு பெற்ற இடம் அது. 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகும்வரை அங்கேதான் இருந்தார். சீவக சிந்தாமணியை அச்சுக்குக் கொண்டுவந்தது அந்தக் காலத்தில்தான்.

அவர் போன மறுவருஷம், 1904இல், சாரங்கபாணி சன்னதித் தெருப் பையன் ஒருவன் உதவித்தொகையோடு எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தான். கணக்கைத் தவிர வேறெதையும் படிக்காமல் இங்கிலீஷில் கோட்டைவிட்டான். உதவித்தொகை போயிற்று. 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மறுபடி சேர்ந்து அங்கும் தேறவில்லை. ராமானுஜன் கதை எல்லோருக்கும் தெரியும், விரிக்கவேண்டாம். ஆனால் பெற்றோர் யாராவது அவர் பெயரைச் சொல்லிப் பையனைக் கணக்குப் பாடத்துக்குத் தள்ளும்போது, கும்பகோணத்தை அவர் தேர்ந்தெடுத்தது கணக்குக்காக அல்ல, வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருந்ததற்காக என்று சொல்லத் தோன்றும். உதவித்தொகை இல்லாமல் அந்தக் குடும்பத்தால் படிக்கவைக்க முடியாது. அது போனபின் கல்லூரி எவ்வளவு பக்கத்தில் இருந்தும் பயனில்லை.

அந்தக் காலத்துக் கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோர் பிராமணர்கள். அக்கிரகாரத்துப் பையன்களுக்குக் கும்பகோணத்தில் தங்க அத்தை வீடோ பெரியம்மா வீடோ இருக்கும், வாரம் ஒரு வீட்டில் சாப்பாடு என்று முறை வைத்தும் படித்தார்கள். படித்தவர்கள் சென்னை, பம்பாய், டில்லி என்று வேலைக்குப் போய் நிலத்தை விற்றார்கள். எங்கள் பக்கத்து அக்கிரகாரங்கள் காலியானதற்கு வேறு காரணங்களும் உண்டு, முதல் காரணம் கல்லூரி.

மற்றவர்கள் எங்கே சாப்பிடுவார்கள்? இங்கேதான் தஞ்சாவூர் ஜில்லாவுக்கே உரிய ஒன்று வருகிறது, சத்திரம். மராட்டிய ராஜாக்கள் ராமேசுவரம் போகிற பாதையில் சத்திரங்கள் கட்டி மானியம் விட்டிருந்தார்கள். இரண்டாம் சரபோஜி 1800களின் தொடக்கத்தில் ஒரத்தநாட்டில் கட்டிய முத்தாம்பாள் சத்திரத்தில் சோற்றோடு படிப்பும் உண்டு. பிற்பாடு அந்தச் சொத்துகள் ஜில்லா போர்டு நிர்வாகத்துக்கு வந்தன. சத்திர வருமானத்தில் மாணவர் விடுதிகள் நடந்தன, ஆனால் அவை பிராமணப் பிள்ளைகளுக்கே என்று இருந்தன. 1920களில் ஜில்லா போர்டு தலைவராக இருந்த ஏ.டி. பன்னீர்செல்வம் அந்த வழக்கத்தை உடைத்தார். விடுதிகள் மற்ற சாதிப் பிள்ளைகளுக்கும் திறந்தன. திருவையாற்றில் சத்திர நிதியில் 1881 முதல் நடந்துவந்த சமஸ்கிருதக் கல்லூரியில் தமிழ் வித்துவான் படிப்பும் வந்தது. கரந்தைத் தமிழ்ச் சங்கத்து உமாமகேசுவரனார் அதற்காக நின்றவர். கணபதி அக்கிரகாரம் வழியாகத் திருவையாற்றுக்குப் போய்வந்து வித்துவான் பட்டம் வாங்கிய தமிழய்யாக்களை என் அப்பாவுக்குத் தெரியும். எனக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்தவரும் அப்படி வந்தவர்தான். அவர் திருவையாறு போனது தமிழ்ப் பற்றினாலா, விடுதிச் சோற்றினாலா என்று ஒருமுறை கேட்டேன். ரெண்டும்தாண்டா, ஆனா சோறு மொதல்ல என்றார்.

(பாபநாசம் என்றதும் சங்கீதக்காரர்கள் பாபநாசம் சிவனைச் சொல்வார்கள். அவர் இங்கே பிறந்தவரும் அல்ல, இங்கே படித்தவரும் அல்ல. 1890இல் போலகத்தில் பிறந்து, திருவனந்தபுரத்தில் மகாராஜா சமஸ்கிருதக் கல்லூரியில் படித்தவர். அண்ணன் பாபநாசத்தில் குடியிருந்ததால் வந்து தங்கினார், ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தக்காரர் எங்கே இருக்கிறாரோ அங்கே போவது என்பது இவர் விஷயத்திலும் உண்மை.)

என் அப்பா மேஜை போட்டு உட்கார்ந்த காலம் கல்லூரிகள் முளைத்த காலம். 1951இல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரி, பெண்களுக்கு சீதாலட்சுமி ராமசாமி கல்லூரி. 1955இல் தஞ்சாவூரில் அரசு சரபோஜி கல்லூரி, மாயவரத்துக்குப் பக்கத்தில் மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரி. 1956இல் பூண்டியில் புஷ்பம் கல்லூரி. அதுவரை கும்பகோணம் கிடைக்காவிட்டால் திருச்சி செயின்ட் ஜோசப், அதுவும் இல்லையென்றால் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என்று இருந்தது. செயின்ட் ஜோசப் கல்லூரியே 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883இல் திருச்சிக்கு இடம் மாறியதுதான். அது நாகையிலேயே இருந்திருந்தால் டெல்டாவின் கதை எப்படிப் போயிருக்குமோ.

பூண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். வீரையா வாண்டையார் நினைவாக அந்தக் குடும்பம் தன் சொந்த ஊரில், சுற்றிலும் வயல் உள்ள இடத்தில் நடத்தும் கல்லூரி. பாபநாசத்திலிருந்து சாலியமங்கலம் போகிற ரோட்டில் போய்த் திரும்பினால் வந்துவிடும். நன்கொடை கேட்காத கல்லூரி என்று அதற்குப் பெயர். 1991இல் தஞ்சாவூர் எம்.பி. ஆன துளசி அய்யா வாண்டையாரை ஊரில் எல்லோரும் அய்யா என்றே சொல்வார்கள். மார்க் குறைந்த பையனோடு தகப்பன் வந்தால் அப்பா விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்து, நேரா போய் அய்யாவைப் பாருங்க என்று அனுப்பிவிடுவார். விண்ணப்பத்தில் எழுதியதைவிட, யார் வீட்டுப் பையன், எத்தனை மா நிலம், அப்பன் குடிப்பானா என்று நேரில் கேட்கும் கேள்விக்குத்தான் மதிப்பு. நிலச்சுவான்தார்கள் கல்லூரி கட்டியதைப் பெருமையாகச் சொல்கிறவர்களும் உண்டு, அது என்ன தர்மம் என்று கேட்கிறவர்களும் உண்டு. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952இல். அதற்குப் பிறகு நாலைந்து வருஷத்திலேயே பண்ணையாள் வீட்டுப் பையனும் மிராசுதார் வீட்டுப் பையனும் ஒரே பெஞ்சில் உட்காரக்கூடிய கல்லூரி ஒரு கிராமத்தில் இருந்தது என்பது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. எத்தனை பண்ணையாள் பிள்ளைகள் எஸ்.எஸ்.எல்.சி. வரை வந்தார்கள் என்பது தனிக் கேள்வி.

ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை முஸ்லிம் வீட்டுப் பையன்களுக்குக் கல்லூரி என்றால் ஜமால்தான். பண்டாரவாடை ஸ்டேஷனில் ஏறினால் திருச்சி. அண்ணன் படித்த விடுதி, மாமா படித்த விடுதி. வெள்ளிக்கிழமை தொழுகைக்கு இடம் தேடவேண்டாம். வளைகுடா வேலை தொடங்கியபின் அந்த வீடுகளில் பி.காம். தவிர வேறு பாடத்தை எழுதியதாக அப்பாவுக்கு ஞாபகம் இல்லை. துபாயிலிருந்து வருகிற நீல நிற ஏர்மெயில் கடிதத்தை விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொண்டுவந்து, அதில் மச்சான் எழுதியிருக்கிற பாடத்தை அப்படியே எழுதச் சொல்வார்களாம்.

பெண் பிள்ளைகளுக்கு வேறு கணக்கு. 1966இல் தஞ்சாவூரில் குந்தவை நாச்சியார் பெண்கள் கல்லூரி வந்தது. கும்பகோணத்திலும் அரசு மகளிர் கல்லூரி உண்டு. என் அக்காவுக்குத் திருச்சி ஹோலி கிராஸில் படிக்க ஆசை. 1923 முதல் இருக்கிற பெண்கள் கல்லூரி, பள்ளி டீச்சர் அங்கே படித்தவர். அப்பா ஊரார் எல்லோருக்கும் விண்ணப்பம் எழுதியவர், மகளுக்கு எழுதும்போது அவர் பார்த்தது கால அட்டவணை. சாயங்காலம் தஞ்சாவூரிலிருந்து எந்த பஸ் எத்தனை மணிக்குப் பாபநாசத்துக்கு வரும், மார்கழியில் அந்த நேரத்துக்கு இருட்டிவிடுமா. அதுதான் தேர்வு. அக்கா குந்தவை நாச்சியாரில் பொருளாதாரம் படித்தாள், அந்தப் பாடம் அவள் கேட்டதல்ல, இடம் இருந்ததைக் கொடுத்தார்கள். நான் கும்பகோணத்தில் வரலாறு படித்தேன். என்னிடம் யாரும் பஸ்ஸைப் பற்றிக் கேட்கவில்லை.

கட்டணத்துக்கு வருவோம். அப்பா அதை ரூபாயில் சொல்லமாட்டார், கலத்தில் சொல்வார். ஹாஸ்டல் சேர்த்து வருஷத்துக்கு இத்தனை கலம் நெல் ஆகும், தாங்குமா பாத்துக்குங்க என்பார். எங்கள் திருப்பாலைத்துறைக் கோயிலுக்குள் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் இருக்கிறது. வட்டமாக, 35 அடி உயரத்தில், 3,000 கலம் கொள்ளும் என்பார்கள். ரகுநாத நாயக்கர் காலம், அதாவது 1600க்கும் 1634க்கும் நடுவே. அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கலம் என்பது கண்ணில் தெரிகிற அளவு. ஆனால் நெல் கையில் இருக்கிற மாசம் வேறு, கல்லூரி கேட்கிற மாசம் வேறு. சம்பா அறுப்பு தை மாசத்தோடு முடியும். கொள்முதல் பணம் வந்து கடன் அடைந்து, கோடையில் ஒரு கல்யாணமும் வந்துவிட்டால் வைகாசியில் வீட்டில் ஒன்றும் இருக்காது. ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை திறப்பது வழக்கம். 1934இல் அணை கட்டியபின் டெல்டாவின் பஞ்சாங்கமே அந்தத் தேதிதான். தண்ணீர் வந்தால் குறுவைக்கு விதை, உழவு, நடவுக்கூலி. அதே வாரத்தில் கல்லூரியில் முதல் தவணை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே நகைதான் இருக்கும், கூட்டுறவு சங்கத்தில் அதை ஒருமுறைதான் வைக்கமுடியும். தண்ணீர் தாமதமாகும் வருஷங்களில் விண்ணப்பங்கள் கூடுவதைப் பார்த்திருக்கிறேன். குறுவை இல்லை என்று தெரிந்ததும் அந்த நகை கல்லூரிக்குப் போகும். வேடிக்கையாக இருக்கும், ஆனால் நடந்தது.

அந்தக் காலத்தில் விண்ணப்பத்தைவிட சான்றிதழ் பெரிய வேலை. சாதி, வருமானம், இருப்பிடம் எல்லாம் தாலுகா ஆபீஸில் வாங்கியாகவேண்டும். அப்புறம் அட்டெஸ்டேஷன். மார்க் ஷீட்டின் நகலை எடுத்துக்கொண்டு கெஜட்டட் ஆபீசரைத் தேடி அலைவார்கள். பச்சை மையில் கையெழுத்து, அதன்கீழ் வட்ட முத்திரை. பச்சை மை உலர்வதற்குள் மடித்தால் எதிர்ப்பக்கத்தில் பதிந்துவிடும், ஆகவே நகலை விரித்தபடி இரண்டு கையிலும் தட்டுப்போல ஏந்திக்கொண்டு பையன்கள் ரோட்டைக் கடப்பார்கள். கால்நடை மருத்துவரிடம்தான் எளிதாகக் கிடைக்கும் என்று ஊரில் பேச்சு. பாபநாசம் தாலுகாவில் டாக்டரானவர், இன்ஜினீயரானவர் பலருடைய மார்க் உண்மையானதுதான் என்று உறுதி சொன்னவர் மாட்டாஸ்பத்திரி டாக்டராக இருந்திருப்பார்.

1978இல் பி.யூ.சி. போய் பிளஸ் டூ வந்தது. 1984இல் இன்ஜினீயரிங், மருத்துவத்துக்கு நுழைவுத் தேர்வு வந்தது. அதே காலத்தில்தான் தனியார் சுயநிதி இன்ஜினீயரிங் கல்லூரிகளும் வரத் தொடங்கின. தஞ்சாவூரை ஒட்டிய திருமலைசமுத்திரத்தில் சண்முகா கல்லூரி 1984இல் தொடங்கியது, இன்றைக்கு சாஸ்த்ரா. வல்லத்தில் 1988இல் பெண்களுக்கென்றே பெரியார் மணியம்மை இன்ஜினீயரிங் கல்லூரி வந்தது. கோட் போட்டவர்கள் வண்டியில் வந்து விண்ணப்பப் படிவத்தைக் கடைகளில் விற்பனைக்கு வைத்துவிட்டுப் போனது அப்போதுதான் ஆரம்பம். கல்லூரி ஆள்தேடி வருகிறது என்பதை அப்பாவால் நம்பமுடியவில்லை.

உண்மையான தேர்வு என்று ஒன்று வந்தது 1997இல், இன்ஜினீயரிங்குக்கு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வந்தபோது. அதற்குமுன் எந்தக் கல்லூரி கிடைத்ததோ அதுதான். இப்போது ரேங்க் வரிசைப்படி கூப்பிட்டு, காலியாக இருக்கிற இடங்களைத் திரையில் காட்டி, உனக்கு எது வேண்டும் என்று கேட்டார்கள். கணக்கு 100, இயற்பியலும் வேதியியலும் 100, நுழைவுத் தேர்வு 100, ஆக 300க்குக் கட் ஆஃப். 2000களின் நடுவில், எழுதப்படிக்கத் தெரியாத தகப்பனுக்குத் துணையாக ஒரு பையனோடு கிண்டிக்குப் போனேன். மாணவருக்கும் கூடப்போகிறவருக்கும் அரசு பஸ்ஸில் பாதிக் கட்டணம். ராத்திரி பஸ்ஸில் கோயம்பேடு, அங்கேயே கட்டணக் குளியலறையில் குளித்து, வேட்டி மாற்றி, அண்ணா பல்கலைக்கழகம். ஊர்த் திருவிழாவுக்கு வந்ததுபோல மரத்தடியெல்லாம் குடும்பங்கள். சாலை ஓரத்தில் கல்லூரிக்காரர்கள் துண்டறிக்கை, பை, தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். உள்ளே பெரிய திரையில் கல்லூரிப் பெயரும் பாடமும் மீதி இடமும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்து நாலாகும், நாலு மூன்றாகும்.

பையன் கையில் நாங்கள் எழுதிவைத்த பட்டியல் இருந்தது. முதல் மூன்றும் போய்விட்டன. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்த பெண் பொறுமையாகத்தான் கேட்டார், சென்னைக்கு வெளியே ஒன்று இருக்கிறது, நாமக்கல் பக்கம் ஒன்று, உங்கள் மாவட்டத்தில் ஒன்று, எது? பையன் சென்னை என்றான். பக்கத்தில் நின்ற தகப்பன் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, நம்ம பக்கத்துது எங்க இருக்கு? பஸ்ஸு போகுமா?" போகும் என்றேன். "அப்ப அதையே போடச் சொல்லுங்க." பையன் ஒன்றும் சொல்லாமல் தலையாட்டினான். நூற்றைம்பது வருஷமாக நடப்பதுதான் கணிப்பொறி முன்னாலும் நடந்தது. அவன் இப்போது கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனியில் நல்ல வேலையில் இருக்கிறான், ஆகவே தகப்பன் தப்பு செய்தார் என்று சொல்லமாட்டேன். கேட்டது அவனைத்தானே, பதில் அவனுடையதாக இருந்திருக்கலாம்.

2007இல் நுழைவுத் தேர்வு ஒழிந்தது. 2010இல் முதல் பட்டதாரி சலுகை வந்தது, வீட்டில் யாரும் பட்டம் வாங்காதிருந்தால் தொழிற்படிப்புக்குக் கல்விக் கட்டணத்தை அரசு கொடுக்கும். அந்தச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸில் நின்ற வரிசையை நான் மறக்கமாட்டேன், என் கடையில் ஜெராக்ஸ் மெஷின் சூடாகி நின்ற நாட்கள் அவை. ஐந்நூறுக்கு மேல் இன்ஜினீயரிங் கல்லூரிகள் ஆன காலமும் அதுதான். பிறகு மளமளவென்று சில மூடவும் செய்தன. 2017இல் மருத்துவத்துக்கு நீட் தேர்வு வந்தது. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் அரியலூர் மாவட்டத்துக் குழுமூர் அனிதா, 1200க்கு 1176 வாங்கியவள், அந்த வருஷம் உயிரை மாய்த்துக்கொண்டாள். அதன்பின் எங்கள் பக்கத்தில் மருத்துவம் என்ற பேச்சே கொஞ்ச காலம் எடுபடவில்லை. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபின்தான் மறுபடி கேட்க ஆரம்பித்தார்கள். 2021இல் அதை இன்ஜினீயரிங்குக்கும் கொடுத்து, கட்டணம், விடுதி எல்லாம் அரசே ஏற்றது.

இப்போது கிண்டிக்குப் போகவேண்டாம், 2018 முதல் எல்லாம் இணையத்தில். அரசுக் கலைக் கல்லூரி விண்ணப்பமும் 2020க்குப்பின் இணையத்தில்தான். 48 ரூபாய் விண்ணப்பம், 2 ரூபாய் பதிவு, ஆதிதிராவிட, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 2 ரூபாய் மட்டும். கட்டணத்தைவிட ஓ.டி.பி.தான் தொல்லை. வீட்டில் உள்ள ஒரே நம்பர் திருப்பூரில் வேலை செய்கிற தகப்பன் கையில் இருக்கும், அவர் ஷிஃப்டில் இருப்பார். இதற்காகவே கடையில் பெஞ்சு போட்டிருக்கிறேன்.

சமீபத்தில் அந்த பெஞ்சில் ஒரு தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். நடவு வேலைக்குப் போகிற அம்மா. பெண் அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவள், கட் ஆஃப் 200க்கு 170க்கு மேல். எதிர் வீட்டுப் பெண்ணும் இதே மார்க், அவள் அரசுப் பள்ளி என்பதால் 7.5இல் முழுக் கட்டணமும் அரசு கொடுக்கும். இவளுக்கு அது கிடையாது. ஒரே தெரு, ஒரே கூலி, ஆறாம் வகுப்பில் எந்த கேட்டுக்குள் நுழைந்தார்கள் என்பதில் மாறிப்போனது. இதற்கு என்னிடம் பதில் இல்லை, அதிகாரிகளிடமும் இருப்பதாகத் தெரியவில்லை. மிச்சம் இருப்பது முதல் பட்டதாரி சான்றிதழ்.

அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அண்ணே, அந்தச் சர்டிபிகேட்டு வீட்டுக்கு ஒருத்தருக்குத்தானாமே. இவ காலேஜு சும்மா பி.ஏ. படிக்கட்டும், அதத் தம்பிக்கு வச்சுக்கலாமா?"

பெண் என் பக்கம் திரும்பினாள். "மாமா, தம்பி பத்தாவதுல கணக்குல எவ்வளவுன்னு அம்மாகிட்ட கேளுங்க."

அம்மா சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் விஷயம் சிரிப்பு இல்லை. இந்த ஒரு தாளுக்காகவே மூத்த பெண்ணை அரசுக் கலைக் கல்லூரிக்கும் இளைய பையனை இன்ஜினீயரிங்குக்கும் அனுப்பிய வீடுகளை வரிசையாகச் சொல்வேன். அந்த வீடுகளில் எத்தனை பையன்கள் அரியர் வைத்துவிட்டு ஊரில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் சொல்வேன். அன்றைக்கு இரண்டையும் சொன்னேன். வழக்கமாக வாடிக்கையாளர் வீட்டு விவகாரத்தில் நான் வாய் திறப்பதில்லை.

அவளுக்கு வேண்டியது எலெக்ட்ரிகல். ஏன் என்று கேட்டேன். அவர்கள் தெருவில் டிரான்ஸ்பார்மர் வெடித்தபோது லைன்மேன் வருவதற்கு ரெண்டு நாள் ஆனது, அதைப் பார்த்த நாளிலிருந்து என்றாள். அந்தக் காரணம் எனக்குப் பிடித்திருந்தது. முதல் விருப்பமாக அண்ணா பல்கலைக்கழகத்தின் திருச்சி வளாகம், அடுத்து செங்கிப்பட்டி அரசுக் கல்லூரி, மூன்றாவது ஸ்ரீரங்கம் அரசுக் கல்லூரி என்று அவளே எழுதிக் கொண்டுவந்திருந்தாள், நோட்டுத் தாளில், கல்லூரி எண்ணோடு, எண்ணுக்கு எதிரே போன வருஷம் அந்தப் பாடம் எந்தக் கட் ஆஃபில் முடிந்தது என்ற குறிப்போடு. அதில் நான் மாற்றவேண்டியது எதுவும் இல்லை. அம்மாவுக்கு மட்டும் செங்கிப்பட்டியைப் பற்றிச் சந்தேகம். தஞ்சாவூர் தாண்டி, திருச்சி ரோட்டில் இருக்கிறது என்றேன். சாயங்காலம் திரும்ப பஸ் உண்டா என்றார். தஞ்சாவூரில் மாறவேண்டும், உண்டு என்றேன். அம்மா, நான் ஹாஸ்டலுக்குத்தான் கேட்டிருக்கேன் என்றாள் பெண்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் முதல் பட்டதாரி உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டார். தம்பிக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. அதற்குள் அரசாங்கம் விதியை மாற்றினாலும் மாற்றும்.